பால்பொடி தின்ற எறும்புகள்

யுனிவர்சிட்டிதான போகணும்? ஏறுங்கம்மா, ஏறுங்க, இந்த பஸ்தான். நானும் அங்கதான் போறேன், எறங்குற எடம் வந்ததும் சொல்றேன். நீங்க ஜன்னல் ஓரமா உக்காருங்க. நான் முன்சீட்டுல திரும்பி உக்காந்துக்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பேசாம வந்தா எனக்கு பஸ்ஸுல தலை சுத்தும். இன்னைக்குப் பேசுனாலும் சுத்துது. சந்தோசத்துல சுத்துது.

மகளுக்கு அட்மிசனா? இருங்க இருங்க, சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கிறேன். நூல் சேலை, மஞ்சப்பை, தோள்ல கனமா இன்னொரு பை. மகன் டி.சி. வாங்க வந்திருக்கீங்க. இல்லையா? சரி, என்னமோ ஒண்ணு. ஆபீஸுல யாராச்சும் இழுத்தடிச்சா என் பேரைச் சொல்லுங்க. வெயில்முத்து. உயிரியல் துறை, ரெண்டாவது மாடி, லேப் அட்டெண்டர். இருபத்தாறு வருச சர்வீஸ். இன்னும் பர்மனெண்ட் ஆகல, அதை விடுங்க.

இன்னைக்கு எங்க ஜெபமலருக்கு வைவா. வைவான்னா தெரியுமா? அஞ்சாறு வருசம் ஆராய்ச்சி பண்ணுன புள்ளைய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, வெளியூர்ல இருந்து ஒரு பெரிய ஆளு வந்து கேள்வி கேப்பாரு. அவர் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் டாக்டர் பட்டம். பதினோரு மணிக்கு வைவா. திங்கக்கிழமை புள்ளைக்கு ஜெர்மனிக்கு ஃபிளைட்டு. அங்க வேலை காத்துக்கிட்டு இருக்கு, ஆனா பாஸ் ஆன பேப்பர் இல்லாம உள்ள விட மாட்டாங்களாம். இன்னைக்கு விட்டா வேற நாள் கெடையாது.

அந்தப் பெரிய ஆளைக் கூட்டிட்டு வரத்தான் என்னைய ஸ்டேசனுக்கு அனுப்புனாங்க. டாக்டர் எம். நாச்சியப்பன். இந்தா, கம்ப்யூட்டர்ல அடிச்சு அட்டை கூடக் குடுத்தாங்க, நாலா மடிச்சு சட்டைக்குள்ள வச்சிருக்கேன். அட்டை எதுக்குங்கிறேன்? இருபத்தாறு வருசத்துல எத்தனை எக்ஸாமினரைப் பார்த்தவன் நான்! மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிருவேன். கோட்டு, கண்ணாடி, மூக்குக்கு மேல ஒரு கோவம். ஏசி பெட்டி வாசல்லயே நின்னேன். கோட்டுப் போட்டு ஒருத்தர் எறங்குனாரு, 'வாங்க சார்'னு பையைப் புடுங்கிட்டேன். அவர் டிக்கெட் பரிசோதகராம். ஆளே வரல. போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப்புங்குது. எப்படியும் காரு வச்சு வந்திருவாரு, பெரிய ஆளுங்க நம்மள மாதிரியா டவுன் பஸ்ஸுக்கு நிக்கப் போறாங்க?

என்னம்மா, என்னமோ சொல்ல வர்றீங்க? இருங்க, கண்டக்டர் வர்றாரு. அண்ணே, யுனிவர்சிட்டி ஒண்ணு. அம்மாவுக்கும் அங்கதான். பொம்பளைங்களுக்கு ஓசிதாம்மா, குடுத்து வச்சவங்க.

எங்க விட்டேன்? ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சின்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். கால்ல முள்ளு குத்துது. அந்த எடம் என்னாகும்? செவக்கும், வீங்கும், சுடும். அது நல்லதாம். நம்ம உடம்போட காவக்காரங்க வந்து எறங்கிட்டாங்கன்னு அர்த்தமாம். வந்தவங்க வேலையை முடிச்சிட்டுக் கெளம்பணும்ல? சில எடத்துல கெளம்ப மாட்டாங்களாம். பந்தோபஸ்துக்கு வந்த போலீசு திருவிழா முடிஞ்சும் ஊருக்குள்ளயே டேரா போட்ட கதை. வருசக்கணக்கா உக்காந்துக்கிட்டு ஓயாம சத்தம் குடுப்பாங்களாம். அந்தச் சத்தத்துல பக்கத்துல இருக்கிற செல்லு புத்தி கெட்டுப்போயி, நிறுத்தாம வளர ஆரம்பிச்சிருமாம். அதுதான் கேன்சரு. எல்லாப் புண்ணும் அப்படி ஆகாது, பயப்படாதீங்க. ஆறாம கெடக்கிற புண்ணுதான் வம்பு.

வெளிய குடுக்கிற சத்தம் செல்லுக்குள்ள எப்படிப் போகுதுன்னுதான் எங்க புள்ள பார்த்துச்சு. உள்ள ஒரு ஆளு சும்மா உக்காந்திருக்கானாம். சத்தம் கேட்டதும் இன்னொருத்தன் வந்து அவன் நெத்தியில ஒரு பொட்டு வச்சிட்டுப் போவானாம். பொட்டு விழுந்துச்சோ இல்லையோ, இவன் எந்திரிச்சு நேரா உள்வீட்டுக்குப் போயி 'வளரு, வளரு'ன்னு உத்தரவு போட்டுருவான். பொட்டை அழிச்சுவிட்டா மறுபடி கம்முன்னு உக்காந்துக்கிருவான். என்ன சிரிக்கிறீங்க? சத்தியமா இப்படித்தான் அது எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. நெத்தின்னு நான்தான் சேர்த்துக்கிட்டேன், மத்ததெல்லாம் அது சொன்னது.

எனக்கு எதுக்குச் சொல்லுச்சுன்னு கேளுங்க. நான் அப்பல்லாம் புகையிலை போடுவேன். இந்தக் கன்னத்துக்குள்ளயே வச்சு வச்சு உள்ள ஒரு புண்ணு. நாலு மாசம் ஆறல. ஒருநா டீ குடுக்கப் போனவன் 'ஸ்ஸ்'னு கன்னத்தைப் புடிச்சேன். 'வாயைத் தொறங்கண்ணே'ன்னுச்சு. டார்ச்சடிச்சுப் பார்த்துச்சு. மறுநா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி பெரியாஸ்பத்திரி வரிசையில நிக்க வச்சிருச்சு. டாக்டரு சதையைக் கொஞ்சூண்டு எடுத்துப் பார்த்துட்டு, இன்னும் கெட்டுப் போகல, இன்னையோட புகையிலையை விட்டா பொழைச்சன்னாரு. விட்டுட்டேன். இப்பப் பாருங்க, ஆ... சரி, பஸ்ஸுல வேணாம். புண்ணே இல்லம்மா. அந்தப் புள்ளைக்காக நான் என்ன வேணா பண்ணுவேன். பண்ணவும் பண்ணேன். அதுதான் கதையே.

யார்ட்டயும் சொல்லாத ஒண்ணு உங்ககிட்டச் சொல்றேன். நீங்க வெளியூரு, எறங்குனா மறந்துருவீங்க. அவங்க ஆராய்ச்சிப் புஸ்தகத்துல பெரிய பெரிய வார்த்தையில எழுதியிருக்கும், அப்படிப் பண்ணோம், இப்படிப் பண்ணோம்னு. உண்மையில அந்த ஆராய்ச்சி ஜெயிச்சது நான் திருடுனதால. ஆமாம்மா, திருடுனதால! ஏன் இப்ப நீங்களும் சீட்டு நுனிக்கு வந்துட்டீங்க? இவ்வளவு நேரம் என்னமோ சொல்லணும் சொல்லணும்னு வாயெடுத்தீங்க, இப்ப 'சொல்லுங்க, சொல்லுங்க'ங்கிறீங்க. அப்படி வாங்க வழிக்கு.

பொட்டு இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது? புண்ணு வந்த எலிக் குடல்ல இருந்து எடுத்த சாறை ஒரு வெள்ளைத் தாளுல ஏத்துவாங்க. அந்தத் தாளை ஒரு மணி நேரம் பால்ல ஊறப்போடணும். நெசமாத்தான்! கடையில விக்கிற, கொழுப்பு எடுத்த பால்பொடி. தாளுல காலியா இருக்கிற எடத்தையெல்லாம் பால் போயி அடைச்சுக்கிரும். அப்புறம் பொட்டைத் தேடிப் போற மருந்தை ஊத்துனா, கண்ட எடத்துல ஒட்டாம, பொட்டு வச்ச ஆளை மட்டும் கரெக்டாப் புடிச்சுக்கிரும். கடைசியில போட்டோ எடுத்தா வெள்ளைத் தாளுல கறுப்பா ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் இந்தப் புள்ளைங்க தவமா தவம் கெடக்கிறது.

எங்க புள்ளைக்குக் கோடு வரல. தாளு பூரா கறுப்பு. தோசைக்கல்லை போட்டோ எடுத்த மாதிரி இருக்கும். ஒரு மாசம் இல்ல, ரெண்டு மாசம் இல்ல, ஏழு மாசம். காலையில சிரிச்சுக்கிட்டே வரும், சாயங்காலம் கறுப்பைப் பார்த்துட்டு டிபன் பாக்ஸைத் தொறக்காமத் திருப்பி எடுத்துட்டுப் போகும். ஆயுதபூசைக்கு நான் அந்த போட்டோ எடுக்கிற மிஷினுக்கு மட்டும் மூணு எடத்துல குங்குமம் வச்சேன். புள்ள வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகிட்டுச்சு. ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு, ஒண்ணும் நடக்கல.

அதோட கைடு சங்கரலிங்கம் சார். நல்ல மனுசன், ஆனா புடிச்ச புடி. 'பாலுக்குப் பதிலா வேற போட்டுப் பார்க்கவா சார்?'னு இது பம்மிக்கிட்டே போயிக் கேட்டுச்சு. 'எங்க வாத்தியார் பால்ல ஊறப்போட்டாரு, நானும் பால்ல ஊறப்போட்டேன், எங்களுக்கெல்லாம் வந்துச்சு. கோளாறு பால்ல இல்லம்மா, உன் கையில'ன்னுட்டாரு. அது மட்டுமா? இன்னும் மூணு வாரத்துல கோடு வரலைன்னா ஆராய்ச்சியையே மாத்திருன்னாரு. மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து. மூணு வருசம் போன எடம் தெரியாமப் போயிரும். படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. நான் பக்கத்துல நின்னேன். 'டீ வேணுமா தாயி?'ன்னு கேட்டேன்.

இப்பக் கேளுங்க. அந்த மூணாவது வாரம், வியாழக்கிழமை, டெல்லியில இருந்து துறையைப் பார்க்க ஒரு கமிட்டி வந்துச்சு. அஞ்சு பேரு. மத்தியானம் மூணு மணிக்கு டீ குடுக்கணும். பாலை அடுப்புல வைக்கிறேன், திரிஞ்சு போச்சு! சங்கரலிங்கம் சார் ஓடி வந்து, 'வெயில்முத்து, பத்தே நிமிசம்'கிறாரு. கேன்டீன் பூட்டியிருக்கு. கடைக்குப் போகணும்னா விலக்கு ரோடு வரைக்கும் நடக்கணும். நான் என்ன பண்ணுவேன்? லேபுக்குள்ள போனேன். அலமாரியில ஜெபமலரோட பால்பொடி டின்னு. அது மேல தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கு, 'இது சாப்பிட அல்ல'ன்னு. நான் அதைப் பார்க்கவே இல்லைன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன்.

அரைக்கிலோம்மா. பூராவும் கொட்டிட்டேன். கொழுப்பு எடுத்த பாலுல்ல, டீ சவசவன்னு இருந்துச்சு. இஞ்சியைத் தட்டிப் போட்டேன், ஏலக்காயைப் போட்டேன், சக்கரையை அள்ளிப் போட்டேன். டெல்லிக்காரங்க என்னமா ரசிச்சுக் குடிச்சாங்கங்கிறீங்க! ஒருத்தரு ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனாரு. கமிட்டி ஏதோ நல்ல மார்க்கு குடுத்துட்டுப் போச்சு. அது ஆராய்ச்சிக்குக் குடுத்த மார்க்குன்னு சார் நினைச்சுக்கிட்டு இருக்காரு. மிச்சத்துல ஒரு கிளாஸ் ஜெபமலருக்கும் குடுத்தேன். ஒரு மடக்குக் குடிச்சிட்டு என்னைய ஒரு பார்வை பார்த்துச்சு. இஞ்சி ஜாஸ்தி போலன்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல லேபுல இருந்து 'ஐயோ'ன்னு சத்தம். ஓடுறேன். தாளைத் தண்ணியில போட்டு வச்சிருக்கு, ஒரு கையில டீ கிளாஸு, இன்னொரு கையில டின்னு, டின்னுக்குள்ள ஒண்ணும் இல்ல. 'அண்ணே, பால்பொடி எங்கண்ணே?' டெம்பரரி ஆளு, லேப் சாமானைத் திருடுனான்னு பேரு வந்தா மறுநாளே வீட்டுக்குத்தான். வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். 'எறும்பு'ன்னேன்.

'எறும்பா? அரைக்கிலோவயுமா?'ன்னுச்சு. 'பெரிய எறும்பு தாயி, கட்டெறும்பு. வரிசையாப் போச்சு, என் கண்ணால பார்த்தேன்'னேன். பாவம், வெள்ளந்தியான புள்ள, நம்பிருச்சு. கையில இருந்த டீ கிளாஸை மேசையில வச்சிட்டு, கொஞ்ச நேரம் குனிஞ்சுக்கிச்சு. தோள் குலுங்குச்சு. அழுவுதுன்னுதான் நினைச்சேன். சங்கரலிங்கம் சாரும் நம்பிட்டாரு. ரெண்டாவது மாடி பூரா எறும்புப் பவுடர் அடிக்கச் சொன்னாரு, நானே அடிச்சேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்கு உண்மை தெரியாது. அந்த விசயத்துல நான் கெட்டிக்காரன்.

தாளு ரொம்ப நேரம் தண்ணியிலயே கெடந்தா எல்லாம் போச்சு. அப்ப அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? ஃப்ரிட்ஜுல ஒரு வெள்ளைப் பொடி இருக்கும். மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கிறது, வெலை கூடுன சாமான். சாரைக் கேக்காம அந்த மூடி மேல கை வைக்கக் கூடாது. இது அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துச்சு, எடுத்துச்சு, கரைச்சுச்சு, தாளை அதுல போட்டுருச்சு. ஒரே நாள்ல ஒரே லேபுல ரெண்டு திருடு. நான் பாலைத் திருட, அது அதைத் திருட. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம வீட்டுக்குப் போனோம்.

மறுநா பதினோரு மணி. ஸ்டாஃப் ரூமுக்கு எட்டு கிளாஸு டீ எடுத்துக்கிட்டு வராந்தாவுல வர்றேன். போட்டோ ரூம் கதவு படார்னு தொறக்குது. ஜெபமலர் ஓடி வருது, பாம்பைக் கண்ட மாதிரி அலறிக்கிட்டு. நானும் பாம்புன்னுதான் நினைச்சேன். 'அண்ணே, கோடு! அண்ணே, கோடு! கோடுண்ணே!' என் ரெண்டு தோளையும் புடிச்சுக்கிட்டுக் குதிக்குது. நானும் குதிக்கிறேன். எதுக்குக் குதிக்கிறேன்னு தெரியாமயே குதிக்கிறேன். எட்டு கிளாஸும் தரையில. சங்கரலிங்கம் சார் வேட்டி நுனியில பூரா டீ. அவரு திட்ட வாயைத் தொறந்தாரு, போட்டோவைப் பார்த்தாரு, அதை வாங்கி வெளிச்சத்துல புடிச்சாரு. வெள்ளை வெளேர்னு தாளு, நடுவுல மை வச்ச மாதிரி ஒரே ஒரு கோடு.

ஏன் வந்துச்சுங்கிறீங்க? பாலு! பால்லயும் அந்தப் பொட்டு வச்ச சாமான் எக்கச்சக்கமா இருக்காம்! கல்யாண வீட்டுக்கு ஆளனுப்பி, பொட்டு வச்ச பொம்பளையக் கூட்டிட்டு வான்னா அவன் யாரைன்னு கூட்டிட்டு வருவான்? மருந்து போயி பால்ல இருந்த பொட்டையெல்லாம் புடிச்சுக்கிச்சு. மாட்டு ரத்தப் பொடியில அந்தப் பொட்டு அவ்வளவா இல்லையாம். சாருக்கு வந்துச்சே, அவர் வாத்தியாருக்கு வந்துச்சேங்கிறீங்களா? அவங்க தேடுனது பொட்டு இல்லையாம், வேற என்னமோவாம். ஏழு மாசம் அந்தப் புள்ள கையில கோளாறே இல்லம்மா. அது கை தங்கமான கை.

என்ன கேட்டீங்க? அந்தக் கோடு மறுபடி வந்துச்சாவா? நல்லாக் கேட்டீங்க போங்க! படிச்சவங்க மாதிரில்ல கேக்குறீங்க. ஒருக்கா வந்ததை அந்தப் புள்ள நம்பவே இல்ல. வேற எலி, வேற நாளு, வேற மருந்து பாட்டிலு, திரும்பத் திரும்பப் போட்டுச்சு. தட்டு கழுவுனது நான்தான், எனக்குத் தெரியாதா? பாலையும் வேணும்னே ஒருக்கா போட்டு, கறுப்பு வருதான்னு பார்த்துச்சு. வந்துச்சு. பொட்டை அழிக்கிற மருந்து குடுத்த எலிக்குக் கோடு மங்கிப் போச்சு, குடல்ல இருந்த கட்டியும் சின்னதாப் போச்சு. அன்னைக்கு யாரும் குதிக்கல. எல்லாரும் சும்மா நின்னு பார்த்தோம்.

இந்தா வந்திருச்சு, யுனிவர்சிட்டி வாசல். எந்திரிங்கம்மா, பையை என்கிட்டக் குடுங்க. அட, என்ன இந்தக் கனம்? பார்த்து, பார்த்து, படி! ...ஐயோ, விழுந்திருச்சே, இருங்க எடுத்துத் தர்றேன். என்ன புஸ்தகம்மா இது? கறுப்பு அட்டை, தங்க எழுத்து... இது எங்க புள்ள புஸ்தகம் மாதிரில்ல இருக்கு. இதே அட்டையில அஞ்சு புஸ்தகம் நான்தான் பைண்டிங் கடையில இருந்து தூக்கிட்டு வந்தேன். உங்க கையில எப்படி... உள்ள பூரா செவப்பு மையில டிக் அடிச்சிருக்கு.

நீங்க...

மேடம். நாச்சியப்பன்ங்கிறது உங்க... வீட்டுக்காரரா? அப்பாவா? 'எம்'முங்கிறதுதான் நீங்களா? மேடம், நான் வர்ற வழியில சொன்னது பூரா பொய். நான் ஒரு பொய் மூட்டை, ரெண்டாவது மாடியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. திருடுனது நான், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய வேணா வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்க. அதோட பட்டத்துல மட்டும் கை வச்சிராதீங்க மேடம். திங்கக்கிழமை ஃபிளைட்டு.

என்ன? எதைப் படிக்கணும்? எனக்கு இங்கிலீசு வராது மேடம். தூக்கிட்டு வந்தப்பக் கூட பிரிச்சுப் பார்க்கல, கை அழுக்கு படுமேன்னு. நீங்களே சொல்லுங்க. நன்றிப் பக்கமா?

'ரெண்டாவது மாடி எறும்புகளுக்கு...' எறும்புக்கா? '...ஒரே மத்தியானத்தில் அரைக்கிலோ பால்பொடியைத் தின்று தீர்த்து, ஏழு மாதக் கறுப்பைப் போக்கியதற்காக. அந்த எறும்புகள் வரிசையாகப் போனதைத் தன் கண்ணால் பார்த்த...' ஐயையோ! '...வெயில்முத்து அண்ணனுக்கு. அவர் டீ இல்லாமல் இந்தக் கோடு இல்லை.'

அடிப்பாவி மகளே! அன்னைக்குத் தோள் குலுங்குனது சிரிப்பா? அந்த ஒரு மடக்கு டீயிலயே கண்டுபிடிச்சிட்டியா? ஒன்றரை வருசமா ஒரு வார்த்தை சொல்லாம... சங்கரலிங்கம் சார் இதைப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா மேடம்? அப்ப அந்த எறும்புப் பவுடரு? மூணு நாளு தும்மிக்கிட்டே அடிச்சேனே!

அழல மேடம். பஸ்ஸு போன புழுதி. என் பேரு எது, இதுவா? இதுதான் வெயில்முத்தா? கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு.

மணி பத்தே காலு. வாங்க, குறுக்கு வழி இருக்கு. இருங்க, அட்டையைப் பிரிச்சுக் கையில புடிச்சுக்கிறேன், இப்பவாச்சும் புடிச்சுக்கிட்டு வந்தேன்னு இருக்கட்டும். டீயா? பத்தே நிமிசம் மேடம். பசும்பாலு, சத்தியமாப் பசும்பாலு. நல்லாக் கேள்வி கேளுங்க, கஷ்டமாவே கேளுங்க, அது எல்லாத்துக்கும் பதில் சொல்லும். எறும்பைப் பத்தி மட்டும் நான் ஹாலுக்குள்ள இருக்கும்போது கேட்டுறாதீங்க. என் கையில டீத் தட்டு இருக்கும்.